விண்ணேற்றக் கூலி – 9: கூரூவுக்குப் போன கடற்படைச் செய்மதி

2013 ஓகஸ்ட் 30, இந்திய நேரம் அதிகாலை 2 மணி. தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன் 5 ரொக்கெட் எழுந்தது. அதில் இரண்டு பயணிகள். ஒன்று ஐரோப்பாவின் யூடெல்சாட்டும் கத்தாரும் சேர்ந்து வாங்கிய தொலைக்காட்சிச் செய்மதி. மற்றது 2,650 கிலோ எடையுள்ள ஜிசாட்-7. இந்தியக் கடற்படைக்கென்றே செய்யப்பட்டு, ருக்மணி என்று பெயர் பெற்ற செய்மதி அது. கரைக்கு அப்பால் வெகுதூரத்தில் நிற்கும் போர்க்கப்பலும் கடற்படைத் தலைமையகமும் வெளிநாட்டுச் செய்மதியை நம்பாமல் பேசிக்கொள்ள அதுவே வழி.

அதைச் செய்ய ஆன செலவு 185 கோடி இந்திய ரூபா. ஏற்றிவிடுவதற்கு, காப்புறுதியும் சேர்த்து, கொடுத்தது ஏறத்தாழ 470 கோடி. பொருளின் விலையைப்போல இரண்டரை மடங்கு ஏற்றுக்கூலி. அந்தக் கூலி பிறர் கைக்குப் போனது. சொந்தமாக ரொக்கெட் செய்து, பிற நாட்டு உளவுச் செய்மதியைக்கூட ஏற்றிக்கொடுத்துப் பணம் வாங்கிய நாடு, தன் படையின் செய்மதியை ஏன் அத்தனை தூரம் அனுப்பியது? இந்தக் கேள்விக்குப் பின்னால் நாற்பது வருடக் கதை இருக்கிறது.

சென்ற இதழில் பிரிட்டனைப் பார்த்தோம். சொந்த ரொக்கெட்டான பிளாக் அரோவை 1971இல் கைவிட்டு, படைகளின் ஸ்கைநெற் செய்மதிகளை ஏற்றும் வேலையைப் பிறரிடமே விட்டுவிட்ட நாடு அது. இந்தியா எதிர்த்திசையில் நடந்தது.

தொடக்கத்தில் எல்லாமே இரவல்தான். 1975 ஏப்ரல் 19இல் ஆரியபட்டா செய்மதியை ஏற்றியது சோவியத் ரொக்கெட். அதற்கு இந்தியா ஏற்றுக்கூலி கட்டவில்லை. ஆனால் சும்மாவும் கிடைக்கவில்லை. 1972இல் செய்த உடன்படிக்கைப்படி, விண்கலங்களைப் பின்தொடரும் சோவியத் கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களைப் பயன்படுத்தலாம். பதிலுக்கு இந்தியச் செய்மதிகள் சோவியத் ரொக்கெட்டில் ஏறும். துறைமுகத்தைக் கொடுத்து ரொக்கெட்டை வாங்கிய பேரம் அது. வாசகர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வரும்போது இது தேவைப்படும்.

அடுத்தது ஆப்பிள் செய்மதி. ஐரோப்பியர்கள் தங்கள் புதிய ஏரியன் ரொக்கெட்டின் சோதனைப் பயணங்களில் இலவச இடம் தருவதாக அறிவித்தார்கள். அந்த ரொக்கெட்டின் இரண்டாவது சோதனை 1980 மே மாதம் கடலில் விழுந்து முடிந்திருந்தது. மூன்றாவதில் ஏறத் துணிந்தது இந்தியா. 1981 ஜூன் 19இல் ஆப்பிள் பத்திரமாக மேலே போனது. திட்டத்தை நடத்தியவர் தமிழரான ஆர்.எம். வாசகம். அந்தச் செய்மதியை மாட்டுவண்டியில் ஏற்றிவைத்து எடுத்த படம் இன்றும் எல்லாரும் அறிந்தது. உலோகமில்லாத மேடை ஒன்றில் வைத்து அன்டெனாவைச் சோதிக்க வேண்டியிருந்தது. மரத்தாலான மாட்டுவண்டி அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

அதன்பின் இன்சாட் செய்மதி வரிசை. முதல் நான்கும் அமெரிக்காவில் காசு கொடுத்துச் செய்வித்தவை. 1982இல் ஒன்று டெல்டா ரொக்கெட்டில் போனது. 1983 ஓகஸ்டில் இரண்டாவது சலெஞ்சர் விண்ணோடத்தில் போனது. மூன்றாவதையும் விண்ணோடத்தில், இந்தியர் ஒருவரையும் கூடவே ஏற்றி அனுப்புவதாகத் திட்டம். 1986 ஜனவரி 28இல் அதே சலெஞ்சர் ஏழு பேருடன் வெடித்துச் சிதறியது. வெளியார் செய்மதிகளை ஏற்றும் வேலையிலிருந்து விண்ணோடம் விலகியது. மூன்றாவதான இன்சாட்-1சி 1988 ஜூலை வரை காத்திருந்து ஏரியனில் போனது. இந்தியாமீது யாருக்கும் கோபமில்லை, தடையும் இல்லை. பிறர் வீட்டில் நடந்த துயரம் ஒன்று இந்தியாவின் பயணத்தை இரண்டு வருடம் தள்ளிப்போட்டது, அவ்வளவே.

தடை பிறகு வந்தது. கனமான செய்மதியை உயரப் பாதைக்கு ஏற்றக் கிரையோஜெனிக் எஞ்சின் வேண்டும். கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் ஒக்சிஜனையும் எரிக்கும் எஞ்சின் அது. 1991 ஜனவரியில் சோவியத் நிறுவனமான கிளாவ்கொஸ்மொஸுடன் எஞ்சினுக்கும் தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து ஒப்பந்தம் ஆனது. ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவக்கூடாது என்று சொல்லி 1992 மே மாதம் அமெரிக்கா இரு தரப்பின்மீதும் தடை போட்டது. 1993இல் ரஷ்யா பின்வாங்கியது: எஞ்சின்களைச் செய்து தருகிறோம், செய்யும் வித்தையைத் தரமாட்டோம் என்றது. அந்த வித்தையைச் சொந்தமாகக் கற்று, வெற்றிகரமாகப் பறக்கவிட இந்தியாவுக்கு 2014 வரை ஆனது.

இடையில் 1999 வந்தது. கார்கில் மலைமுகடுகளில் ஊடுருவியவர்கள் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்த பிறகே இந்தியாவுக்குத் தெரிந்தது. அப்போது இந்தியாவிடம் இருந்த ஐ.ஆர்.எஸ்.-1சி செய்மதியின் பார்வைக் கூர்மை 5.8 மீட்டர். பொதுப் பயன்பாட்டுச் செய்மதிகளில் அது உலகத் தரம்தான். ஆனால் அந்தக் கூர்மையில் ஒரு வீடு ஓரிரு புள்ளியாக விழும், பாறைக்குப் பின்னால் நிற்கும் கூடாரம் தெரியவே தெரியாது. போருக்குப் பின் கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு கண்காணிப்பில் இருந்த ஓட்டைகளை வெளிப்படையாகவே எழுதியது.

பதில் 2001 ஒக்டோபர் 22இல் பறந்தது. டெஸ் என்ற 1,108 கிலோ செய்மதி, கூர்மை 1 மீட்டர். தொழில்நுட்பச் சோதனை என்றுதான் அறிவித்தார்கள். ஏற்றியது இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து எழுந்த சொந்த ரொக்கெட்டான பி.எஸ்.எல்.வி. இங்கே எந்த வெளிநாட்டு ஏவுதளத்திலும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. துருவப் பாதையில் தாழப் பறக்கும் வேவுச் செய்மதிக்குக் கிரையோ எஞ்சின் தேவையில்லை, பி.எஸ்.எல்.வி. போதும். கண் சொந்த ரொக்கெட்டில் ஏறிவிட்டது, காதும் வாயும்தான் கூரூவுக்காகக் காத்திருந்தன.

இந்த இடத்தில் நம் இலங்கைத் தீவு கதைக்குள் வருகிறது. ஸ்ரீஹரிகோட்டா இருப்பது கிழக்கு நெடுங்கோடு 80.2 பாகையில். நம் மலைத் தோட்ட ஊரான ஹேவாஹெட்ட இருப்பது 80.7க்குச் சற்று மேலே. அதாவது அந்த ஏவுதளத்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, கடலைத் தாண்டி, நாம் இருக்கிறோம். வேவுச் செய்மதி போக வேண்டிய திசையும் தெற்குதான். எரிந்து முடிந்த அடுக்குகள் கழன்று விழும் வழியில் ஊர்களும் மனிதர்களும் இருக்கக்கூடாது. அதனால் பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே, 140 பாகைத் திசையில், வங்காள விரிகுடாவுக்கு மேலே போகும். மட்டக்களப்புக் கரையை மேற்கே வெகுதூரத்தில் விட்டுவிட்டு, பிறகு தெற்கே வளைந்து திரும்பும். ஓடும் வேகத்தில் திசை திரும்புவது எரிபொருளைத் தின்னும். அதில் செய்மதியின் எடையில் ஒரு பங்கு போய்விடும். பெரிய ரொக்கெட் இதைத் தாங்கும், 500 கிலோ அளவில் தூக்கும் சிறிய எஸ்.எஸ்.எல்.வி.க்கு இது பெருஞ்சுமை. தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டியதற்குக் காரணமே இதுதான். அங்கிருந்து நேர் தெற்கே பார்த்தால் இலங்கை இடப்பக்கம் ஒதுங்கிவிடும், முன்னால் இந்து சமுத்திரம் மட்டும். நாம் கேட்காமலே, யாரும் நம்மிடம் விலை பேசாமலே, நம் தீவு துருவப் பாதைக்குப் போகும் இந்தியாவின் ஒவ்வொரு வேவுச் செய்மதியின் எடையிலும் கை வைத்திருக்கிறது.

புவியமைப்பால் இதைவிடவும் இடுக்கில் மாட்டிக்கொண்ட நாடு இஸ்ரேல். கிழக்கே ரொக்கெட் விட்டால் பகை நாடுகளுக்கு மேலே போகும். அதனால் அவர்களுடைய ஷாவிட் ரொக்கெட் மேற்கே, மத்தியதரைக் கடலுக்கு மேலே, புவி சுழலும் திசைக்கு எதிராகப் பறக்கிறது. சுழற்சி தரும் இலவச உந்தலைப் பெற முடியாததோடு, அதை எதிர்த்தும் தள்ள வேண்டும். 2004 செப்டம்பரில் ஒஃபெக்-6 வேவுச் செய்மதியோடு ஷாவிட் கடலில் விழுந்தது. அடுத்து, மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் பார்க்கும் ராடார் செய்மதியான டெக்சார் தயாரானபோது, இஸ்ரேல் விமானத் தொழிற்சாலை அதை ஏற்ற, இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் வணிகப் பிரிவான அன்ட்ரிக்ஸிடம் வந்தது.

2008 ஜனவரி 21 காலை, பக்கத் துணை ரொக்கெட்டுகள் இல்லாத பி.எஸ்.எல்.வி.-சி10 அந்தச் செய்மதியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. எடை ஏறத்தாழ 300 கிலோ. ஷாவிட்டால் எட்ட முடியாத, நிலநடுக்கோட்டுக்கு 41 பாகை சாய்ந்த பாதையில் கொண்டுபோய் விட்டது. இஸ்ரேலுக்கு அக்கறையுள்ள நிலங்களை அந்தப் பாதை மீண்டும் மீண்டும் கடக்கும். ஈரான் இதை விரும்பவில்லை, டெல்லியிலும் அரசியல் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு நாட்டின் வேவுச் செய்மதியை ஏற்றிக்கொடுப்பது சரக்கு ஏற்றும் வேலை மட்டும் அல்ல, யார் பக்கம் நிற்கிறோம் என்ற அறிவிப்பும் அதற்குள் இருக்கிறது. ஏற்றக் கேட்பவருக்கும் இது பொருந்தும், ஏற்றுபவருக்கும் பொருந்தும்.

பத்து மாதம் கழித்து, 2008 நவம்பர் 26இல், மும்பைத் தாக்குதல். கடல் வழியே வந்தவர்களை யாரும் காணவில்லை. இஸ்ரோ சொந்தமாகச் செய்துகொண்டிருந்த ரிசாட்-1 ராடார் செய்மதி இன்னும் முடியவில்லை. அதே இஸ்ரேலிய நிறுவனத்திடமிருந்து ராடார் வாங்கி ரிசாட்-2 உருவாக்கி, 2009 ஏப்ரல் 20இல் ஏற்றினார்கள். ஐந்தே மாதத்தில். சொந்த ரொக்கெட்டும் சொந்த ஏவுதளமும் இல்லாமல் இந்த வேகம் நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். அதே ரொக்கெட்டில் கூடப் போனது 40 கிலோ எடையுள்ள அனுசாட், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் செய்த செய்மதி. நாட்டின் அவசரக் கண்ணும் மாணவர் கை பட்ட சிறு பெட்டியும் ஒரே வண்டியில்.

இனி 2013க்குத் திரும்பலாம். ஜிசாட்-7 நிற்க வேண்டிய இடம் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்கு 74 பாகை. புவியோடு சேர்ந்து சுற்றுவதால் வானில் அசையாமல் நிற்பதுபோல் தெரியும் அந்தப் பாதையைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இலேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் இலங்கையிலேயே வந்து குடியேறியவர். ஹேவாஹெட்டவில் நின்று அண்ணாந்து பார்த்தால், உச்சியிலிருந்து தென்மேற்காக 12 பாகை அளவு சாய்ந்த இடத்தில் அந்தக் கடற்படைச் செய்மதி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தோட்டத்து லயக் கூரைகளில் இந்தியத் தமிழ் அலைவரிசைகளுக்காகப் பூட்டிய டிஷ்களில் பல பார்ப்பது வேறு பக்கம்: கிழக்கும் தென்கிழக்குமாக, 93.5 பாகையில் நிற்கும் செய்மதிகளை. அங்கே முன்பு நின்ற இன்சாட்-4பியும் இப்போது நிற்கும் ஜிசாட்-15உம்கூட கூரூவிலிருந்து ஏரியனில் போனவைதான். நம் வீட்டுத் தொடர் நாடகமும் கடற்படையின் இரகசியப் பேச்சும் ஒரே ஏவுதளத்துக் கூலியில் மேலே போயிருக்கின்றன.

அந்த உயரத்துக்கு 2,650 கிலோவைத் தூக்க இந்தியாவிடம் அன்று ரொக்கெட் இல்லை. கிரையோ எஞ்சின் பூட்டிய ஜி.எஸ்.எல்.வி. ரொக்கெட் 2010இல் இரண்டு முறை விழுந்தது: ஏப்ரல் 15இல் சொந்தக் கிரையோ எஞ்சினோடு, டிசம்பர் 25இல் ரஷ்ய எஞ்சினோடு. 2013 ஓகஸ்ட் 19இல் மறுபடி முயன்றபோது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிந்து, புறப்படுவதற்குச் சற்று முன்னர் நிறுத்தினார்கள். ஜிசாட்-7 கூரூவில் ஏறியது அதற்குப் பதினொரு நாள் கழித்து.

ஏரியன் அந்நாளில் நம்பகமான வண்டி, இந்தியாவை ஏமாற்றியதும் இல்லை. ஆனால் பிறர் ஏவுதளத்தில் நாள் குறிப்பது நாம் இல்லை. 2017இல் பிரேசிலுக்கு நடந்ததைப் பாருங்கள். படைத்துறைக்கும் நாட்டின் இணையத்துக்குமாகச் செய்த எஸ்.ஜி.டி.சி. செய்மதி மார்ச் 21இல் கூரூவிலிருந்து கிளம்ப வேண்டும். வைத்தியசாலையும் பள்ளிக்கூடமும் பாதுகாப்பும் கேட்டு பிரெஞ்சு கயானா மக்கள் வேலைநிறுத்தம் செய்து வீதிகளை மறித்தார்கள். ரொக்கெட் ஏவுதளத்துக்கே வர முடியவில்லை. மே 4 வரை பிரேசிலின் படைச் செய்மதி அங்கேயே கிடந்தது. அந்த மக்களின் கோரிக்கை நியாயமானது. தோட்டத்துக்காரர்களான நமக்கு வேலைநிறுத்தத்தின் அருமை தெரியும். பிரேசில் அரசால் அங்கே செய்யக்கூடியதும் ஒன்றும் இருக்கவில்லை.

இந்த இரவலிலிருந்து இந்தியா வெளியே வந்தது மெதுவாக. 2014 ஜனவரி 5இல் சொந்தக் கிரையோ எஞ்சினுடன் ஜி.எஸ்.எல்.வி. வென்றது. 2018 டிசம்பர் 19இல் விமானப்படைக்கான 2,250 கிலோ ஜிசாட்-7ஏ அதே ரொக்கெட்டில் ஏறியது. 2025 நவம்பர் 2இல் ருக்மணிக்கு வாரிசாக, 4,400 கிலோ அளவு எடையுள்ள ஜிசாட்-7ஆர், எல்.வி.எம்.-3 ரொக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே போனது. இப்போது இஸ்ரோவின் தலைவராக இருக்கும் வி. நாராயணன், குமரி மாவட்டத்துக்காரர், கிரையோ எஞ்சின் வேலையிலேயே வளர்ந்தவர். கொள்வனவு முறையும் மாறியது. தரைப்படைக்கான ஜிசாட்-7பிக்கு 2023 மார்ச் மாதம் பாதுகாப்பு அமைச்சு 2,963 கோடி ரூபாவுக்கு ஒப்பந்தம் செய்தது. எதிர்த்தரப்பில் இருந்தது 2019இல் தொடங்கிய அரசு நிறுவனமான நியூ ஸ்பேஸ் இந்தியா. அரசின் ஒரு கை இன்னொரு கையிடம் வாங்குவதுதான். ஆனாலும் எழுத்தில் ஒப்பந்தமும் விலையும் இருப்பது முன்னேற்றமே.

இங்கே வெற்றிக் கதையாக முடித்துவிட எனக்கு மனமில்லை. 2025 மே 18இல் பி.எஸ்.எல்.வி.-சி61 மூன்றாம் அடுக்கில் கோளாறாகி, ஈஓஎஸ்-09 ராடார் செய்மதியை இழந்தது. பாகிஸ்தானுடனான மோதல் ஓய்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 2026 ஜனவரி 12இல் அடுத்த பி.எஸ்.எல்.வி. எழுந்தது. மறுபடி மூன்றாம் அடுக்கில் கோளாறு. பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஈஓஎஸ்-என்1உம் கூடப் போன சிறிய செய்மதிகளும் போயின. அதற்கு மேல், 52 கண்காணிப்புச் செய்மதிகளுக்கு 2024 ஒக்டோபரில் டெல்லி ஒப்புதல் கொடுத்திருக்கிறது, மதிப்பு 26,968 கோடி ரூபா. 21 இஸ்ரோவிடமும் 31 தனியாரிடமும். இத்தனையையும் எந்த வண்டியில் ஏற்றுவது?

அமெரிக்கா இந்தப் பாடத்தை 1985–86இல் கற்றது. படைச் செய்மதிகள் அனைத்தும் விண்ணோடத்தில்தான் என்று முடிவு செய்திருந்த நாடு அது. எட்டு மாத இடைவெளியில் டைட்டன் ரொக்கெட் இரண்டு முறை உளவுச் செய்மதியோடு அழிந்தது, நடுவில் சலெஞ்சரும் போனது. கனமான செய்மதிகளை மேலே அனுப்ப வழியே இல்லாமல் போனது. அன்று முதல் அவர்கள் ஒருவரை மட்டும் நம்புவதில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்க விண்வெளிப் படை கொடுத்த ஒப்பந்தங்களைப் பார்த்தால் தெரியும்: ஸ்பேஸ்எக்ஸுக்கு 28 பயணம், 5.9 பில்லியன் டொலர். யுனைட்டட் லோஞ்ச் அலையன்ஸுக்கு 19 பயணம், 5.4 பில்லியன்; புளூ ஒரிஜினுக்கு 7 பயணம், 2.4 பில்லியன். மலிவானவரிடமே 54ஐயும் கொடுத்திருக்கலாம். ஒருவர் விழுந்தால் மற்றவர் எழ வேண்டும் என்பதற்காகவே அதிகம் கொடுக்கிறார்கள். இந்தியா இரவல் வண்டியின் ஆபத்தை 1986இலும் 1992இலும் கற்றுக்கொண்டது. ஒற்றை வண்டியின் ஆபத்தை இப்போதுதான் கற்கிறது. இரண்டாவது பாடத்துக்கும் முதலாவதற்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

நம் நாட்டிடம் வண்டி இல்லை, செய்மதியும் பெயரளவில்தான். 2012 நவம்பர் 27இல் சீனாவின் ஸிச்சாங்கிலிருந்து லோங் மார்ச் ரொக்கெட்டில் போன சைனாசாட்-12இல் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, சுப்ரீம்சாட் என்று பெயரிட்டார்கள். கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலையில் தரை நிலையமும் விண்வெளிக் கல்விக்கூடமும் வருவதாக அறிவித்தார்கள். ஹேவாஹெட்டவிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம் அது. 2017 மே 5இல் இந்தியா அயல்நாடுகளுக்காக ஜிசாட்-9ஐ ஏற்றியபோது ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன காணொளியில் கலந்துகொண்டு நன்றி சொன்னார். 2019இல் ராவணா-1, ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடை, ஜப்பானில் நம் இளைஞர்கள் செய்தது, அமெரிக்க ரொக்கெட்டில் போனது. மூன்றுமே பிறர் தோள்.

நம்மிடம் இருப்பது இடம். 2022 ஓகஸ்ட் 16இல் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டையில் நங்கூரமிட்டது. செய்மதிகளையும் ஏவுகணைகளையும் பின்தொடரும் கப்பல். இந்தியா எதிர்த்தது, இலங்கை முதலில் தள்ளிப்போடச் சொன்னது, பிறகு அனுமதித்தது. கப்பல் 22ஆம் திகதி கிளம்பியது. 2024 ஜனவரி முதல் ஒரு வருடத்துக்கு எல்லா வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கும் கதவு அடைக்கப்பட்டது. பெரும்பாலும் விவாதம் விடுவதா மறிப்பதா என்பதிலேயே சுற்றியது. 1972இல் இந்தியா இதேபோன்ற கப்பல்களுக்குத் துறைமுகம் திறந்தபோது பதிலுக்கு ரொக்கெட்டைக் கேட்டு வாங்கியது. கடல் எல்லையைக் காக்கவும் மண்சரிவை முன்கூட்டிச் சொல்லவும் நமக்கும் கண்கள் தேவை. ஹேவாஹெட்ட மலைச்சரிவுகளில் மழைக்காலத்தில் படுக்கும் குடும்பங்களுக்கு அது வெறும் பெருமைப் பொருள் அல்ல. துறைமுகத்தில் அனுமதி கேட்டு எந்தக் கப்பல் வந்தாலும், அது எந்தக் கொடியில் வந்தாலும், மேசையில் நம் அதிகாரிகள் வைக்க வேண்டிய முதல் தாளில் செய்மதிப் படங்களும் ரொக்கெட்டில் ஓர் இடமும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த இதழில்: ஜேர்மனி தன் ஐந்து சார்-லூப்பே ராடார் வேவுச் செய்மதிகளை 2006 முதல் 2008 வரை ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் படை ஏவுதளத்திலிருந்து ரஷ்ய ரொக்கெட்டுகளிலேயே ஏற்றிய கதை.